தங்கப் படலத்தின் மேல் ஒற்றை நானோதுகளை எண்ணுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மழை பிடிக்கும் முன் மொட்டைமாடியின் காய்ந்த சிமெண்ட் தரையில் முதல் துளிகள் விழும்போது அவற்றை ஒவ்வொன்றாக எண்ணலாம். அரை நிமிடம் கழித்துத் தரை முழுக்க நனைந்துவிட்டால் எண்ண வழியில்லை. ஒளியியல் மேற்பரப்பு உணரியில் நானோதுகள்களை எண்ணுவதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். தரைக்குப் பதில் 50 நானோமீட்டர் தடிப்புள்ள தங்கப் படலம், துளிக்குப் பதில் அதில் வந்து ஒட்டும் துகள், கண்ணுக்குப் பதில் கேமரா. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. நாம் எண்ணுவது தரையில் விழுந்த துளிகளை; மேகத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது அந்த எண்ணிக்கையில் நேரடியாகக் கிடைக்காது. இந்த முறையில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறியிருக்கிறேன்.

சென்னையில் ஒரு சிறிய லேபில் இந்தக் கருவியைப் பலமுறை கட்டி, பிரித்து, மறுபடி கட்டியிருக்கிறேன். முதுகலை முடித்து ஆய்வுக்குள் நுழையும் தம்பி, தங்கைகளுக்கு நேரில் சொல்லித் தருவதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எதற்காக ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்

நானோதுகள் கரைசல் ஒன்றை ஒளிச்சிதறல் கருவியில் வைத்தால் சராசரி அளவு கிடைக்கும். ஆனால் சிறிய துகள் சிதறும் ஒளி அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சம் சேர்ந்து சிதறும் அளவுக்கு ஒளியைச் சிதறும். அதனால் சில பெரிய துகள்கள் கலந்திருந்தால் சிறியவை மொத்தமாக மறைந்துபோகும். ஐரோப்பிய ஆணையம் 2011-இல் பரிந்துரைத்து 2022-இல் திருத்திய நானோபொருள் வரையறையோ எண்ணிக்கையை வைத்துத்தான் பேசுகிறது: 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள துகள்கள் எண்ணிக்கையில் பாதி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எடையும் சராசரியும் அங்கே உதவாது.

நம் ஊரில் இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. ஐஐடி மெட்ராஸில் டி. பிரதீப் குழு வெள்ளி, தங்க நானோதுகள்களைக் கொண்டு குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லியை நீக்கும் முறையை உருவாக்கியது. துகளை வைத்து இயங்கும் எந்த வடிகட்டியைச் சோதித்தாலும், வெளிவரும் நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை துகள் என்ற கேள்வி வந்து நிற்கும்.

துகள் எப்படித் தெரிகிறது

கண்ணாடியில் பூசிய மெல்லிய தங்கத்தின் மேல், கண்ணாடிப் பக்கத்திலிருந்து சரியான கோணத்தில் ஒளி விழுந்தால், அந்த ஒளியின் பெரும்பகுதி திரும்பி வராமல் தங்கத்தின் மேற்பரப்பில் ஓடும் எலக்ட்ரான் அலையாக மாறிவிடும். இதுதான் மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு. பட்டகத்தை வைத்து இதை உண்டாக்கும் அமைப்பை 1968-இல் கிரெட்ச்மனும் ரேதரும் விவரித்தார்கள். அதே ஆண்டில் ஓட்டோ வேறொரு அமைப்பைத் தந்தார். இன்று லேப்களில் பெரும்பாலும் இருப்பது கிரெட்ச்மன் அமைப்புதான்.

அந்த அலையின் புலம் தண்ணீருக்குள் சுமார் 200 நானோமீட்டர் மட்டுமே எட்டும். அதற்கு மேலே மிதக்கும் கோடிக்கணக்கான துகள்கள் கேமராவுக்குத் தெரியாது. ஒன்று வந்து தங்கத்தில் ஒட்டினால் அலை அதில் மோதிச் சிதறும். சிதறிய அலை, திரும்பி வரும் ஒளியோடு குறுக்கிட்டு, ஒரு வடிவமாகக் கேமராவில் பதியும். 2010-இல் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் அலெக்சாண்டர் சிபின் குழுவும், அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நோங்ஜியான் தாவ் குழுவும் இப்படி ஒற்றைத் துகள்களையும் ஒற்றை வைரஸ்களையும் காட்டினார்கள்.

குறுக்கீடு என்பது இங்கே பெரிய வரம். வெறும் சிதறல் ஆறாம் அடுக்கில் குறையும் என்றேன். குறுக்கீட்டால் வரும் சமிக்ஞை துகளின் கனஅளவைப் பொறுத்தது, அதாவது விட்டத்தின் மூன்றாம் அடுக்கு. விட்டம் பாதியானால் சிதறல் 64 மடங்கு விழும், குறுக்கீட்டுச் சமிக்ஞை 8 மடங்குதான் விழும். சிறிய துகள்களை எட்ட முடிவது இதனால்தான். சிலிக்கான் சில்லின் மேல் ஆக்சைடு படலம் வைத்து, பிளாஸ்மான் இல்லாமலே இதே குறுக்கீட்டைப் பயன்படுத்தும் உணரிகளும் உண்டு. கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அவற்றுக்கும் பொருந்தும்.

படி 1: மேசையைக் கட்டுவது

இரண்டு வழிகள் இருக்கின்றன. 1.49 எண் துளை (ஒளியை எவ்வளவு அகலமான கோணத்தில் கையாளும் என்பதன் அளவு) கொண்ட எண்ணெய் லென்ஸ் வழியே ஒளியைச் செலுத்துவது ஒன்று. படம் கூர்மையாக இருக்கும், பார்க்கும் பரப்பு சிறியது. பட்டகம் வழியே செலுத்துவது மற்றொன்று. கூர்மை குறைவு, ஆனால் ஒரு சதுர மில்லிமீட்டர் அளவுக்குப் பரப்பு கிடைக்கும். எண்ணுவதுதான் நோக்கம் என்றால் பட்டகத்தையே எடுங்கள். நீர்த்த கரைசலில் பரப்புதான் உங்களுக்கு எண்ணிக்கை தரும்.

ஒளிமூலத்துக்கு லேசர் பாயிண்டர் போதும் என்று சிலர் தொடங்குவார்கள். லேசரின் ஒளி ஒரே சீராக இருப்பதால், வழியில் உள்ள ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன் பங்குக்கு வரிகளையும் புள்ளிகளையும் படத்தில் சேர்க்கும். 650 முதல் 680 நானோமீட்டருக்குள் ஒரு சூப்பர்லூமினசென்ட் டையோடு (லேசர் அளவுக்குச் சீராக இல்லாத ஒளி தரும் டையோடு) கிடைத்தால் பாதிச் சண்டை தீர்ந்தது. ஒளி பி-முனைவாக்கத்தில் இருக்க வேண்டும், அதாவது அதன் மின்புலம் ஒளி விழும் தளத்துக்குள்ளேயே அதிர வேண்டும். முனைவாக்கியை 90 டிகிரி திருப்பினால் ஒத்ததிர்வு காணாமல் போவதை முதல் நாளே பார்த்து வையுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தச் சோதனைதான் கைகொடுக்கும்.

மின்வழங்கி, கேபிள், விசிறி, ரிலே எல்லாம் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு மாலையில் வாங்கிவிடலாம். பட்டகம், லென்ஸ், டையோடு, கேமரா நான்கையும் ஒளியியல் தரத்தில் ஆர்டர் போட்டுத்தான் வாங்க வேண்டும். இங்கே மிச்சம் பிடிக்க நினைத்தால் மாதக்கணக்கில் நேரம் போகும்.

அதிர்வைப் பற்றி ஒரு சம்பவம். எங்கள் கட்டடத்தில் காலை பதினொரு மணி வாக்கில் படம் முழுக்க நடுங்கும், பதினைந்து நிமிடத்தில் நின்றுவிடும். பல வாரம் பம்பைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால், கீழே தண்ணீர் லாரி வந்து தொட்டியை நிரப்பும் நேரம் அது. மேசையை ரப்பர் தாங்கிகளின் மேல் கனமான கருங்கல் பலகையில் ஏற்றினோம், அந்த நேரத்தில் பதிவு செய்வதையும் நிறுத்தினோம். உங்கள் கட்டடத்திலும் லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு முழுநாள் வெறும் தண்ணீரைப் பதிவு செய்து பாருங்கள், எது எப்போது ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

படி 2: தங்கத் தகடு

பிகே7 கண்ணாடியின் மேல் 2 அல்லது 3 நானோமீட்டர் குரோமியம் அல்லது டைட்டானியம், அதற்கு மேல் 45 முதல் 50 நானோமீட்டர் தங்கம். குரோமியம் இல்லாமல் தங்கம் கண்ணாடியைப் பிடிக்காது, தண்ணீர் பட்டதும் உரிந்து வரும். குரோமியம் அதிகமானால் ஒத்ததிர்வின் குழி (ஒத்ததிர்வுக் கோணத்தில் திரும்பி வரும் ஒளி சட்டென்று குறையும் இடம்) ஆழம் குறையும். படலம் வழவழப்பாக இருப்பது முக்கியம், ஏனென்றால் தங்கத்தின் ஒவ்வொரு மேடும் ஒரு பொய்த்துகள்.

சுத்தம் செய்யக் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலைப் பல நூல்கள் சொல்லும். அது கரிமப் பொருள் பட்டால் கொதித்துத் தெறிக்கும், மூடி வைத்தால் வெடிக்கும். தனியாக வேலை செய்யும் மாணவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதே இல்லை. புற ஊதா ஓசோன் பெட்டியில் 10 அல்லது 15 நிமிடம் வைத்து, எத்தனாலில் அலசி, நைட்ரஜன் ஊதிக் காயவைத்தால் போதும்.

துகள் ஒட்ட வேண்டுமே, அதற்குத் துகளின் மின்னூட்டத்துக்கு நேர்மாறான மின்னூட்டம் மேற்பரப்பில் வேண்டும். சிட்ரேட் பூசிய தங்கத் துகள்கள் எதிர்மின் கொண்டவை. எனவே தகட்டை எத்தனாலில் கரைத்த 1 மில்லிமோலார் சிஸ்டிஅமீனில் ஓர் இரவு ஊறவைத்தால், கந்தக முனை தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், அமீன் முனை நேர்மின்னோடு வெளியே நிற்கும். வைரஸ், எக்சோசோம் (செல்கள் வெளிவிடும் நுண்பை) போன்றவற்றுக்கு ஆன்டிபாடி வைத்த பரப்பு வேண்டும். அப்போது ஆன்டிபாடி இல்லாத ஒரு பகுதியை அதே தகட்டில் ஒப்பீட்டுக்காக விட்டு வையுங்கள்.

உப்பின் அளவில் கவனம். மின்னூட்டத்தின் ஈர்ப்பு எவ்வளவு தூரம் எட்டும் என்பதை உப்பு தீர்மானிக்கிறது. 1 மில்லிமோலார் உப்பில் அது 10 நானோமீட்டர் வரை எட்டும்; 150 மில்லிமோலாரில் ஒரு நானோமீட்டர்கூட இல்லை. உப்பு கூடினால் சிட்ரேட் தங்கம் குப்பியிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், சிவப்பு நிறம் நீலமாக மாறும். எனவே தங்கத் துகளுக்கு 1 அல்லது 2 மில்லிமோலார் பஃபரில் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) தொடங்குங்கள்.

படி 3: தண்ணீர்

கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் இரண்டும் இதற்கு ஆகாது. மீத்தூய நீரை அன்றன்று பிடித்து, 0.1 மைக்ரோமீட்டர் அல்லது 0.02 மைக்ரோமீட்டர் ஃபில்டரில் வடிகட்டி, காற்று நீக்கிப் பயன்படுத்துங்கள். புது ஃபில்டரே முதலில் துகள்களை விடும், அதனால் முதல் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிடுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பஃபரை உடனே ஓடவிட்டால், அது சூடாகும்போது கரைந்த காற்று குமிழாக வெளிவந்து தங்கத்தில் உட்காரும். ஒரு மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு ஓடவிடுங்கள்.

படி 4: கோணம் பிடிப்பது

பட்டகத்துக்கும் தகட்டுக்கும் இடையே இம்மர்ஷன் ஆயில் ஒரு சொட்டு, நடுவில் குமிழ் இல்லாமல். முதலில் காற்றிலேயே பாருங்கள்: 650 நானோமீட்டரில், பிகே7 கண்ணாடியில், 43 அல்லது 44 டிகிரி பக்கம் இருட்டான குழி வரும். வந்தால் தங்கம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் தண்ணீர். சுமார் 62 டிகிரியில் முழு அகப் பிரதிபலிப்பு தொடங்கும், 70 டிகிரியைச் சற்றுத் தாண்டி ஒத்ததிர்வுக் குழி வரும்.

குழியின் அடியில் பின்புலம் இருட்டாக இருப்பதால் துகள் எடுப்பாகத் தெரியும். ஆனால் ஒளி குறைவு, கேமரா இரைச்சல் முன்னே வரும். சரிவில் ஒளி அதிகம், வெப்ப மாற்றமும் அதிகமாகத் தெரியும். நான் அடியிலிருந்து சற்றே விலகிய கோணத்தில் தொடங்கி, தரத்துகளை (அளவு முன்பே தெரிந்த துகள்) ஓடவிட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக நகர்த்தி, சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் எங்கே உச்சம் என்று பார்ப்பேன். ஒருமுறை கண்டுபிடித்த கோணத்தை அந்தத் தொடர் முடியும்வரை மாற்றாதீர்கள்.

வெப்பம் சென்னையில் தனிக்கதை. தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.0001 குறையும். கேட்கச் சிறியது, ஆனால் இந்த உணரிக்கு அது பெரிய அசைவு. கத்திரி வெயிலில் ஏ.சி. கம்ப்ரஸர் ஓடி நின்று ஓடும்போது, படத்தின் வெளிச்சம் அதே தாளத்தில் ஏறி இறங்குவதைக் காணலாம். ஃப்ளோ செல்லை (தங்கத்தின் மேல் திரவம் ஓடும் சிறு அறை) தெர்மோகோல் பெட்டியால் மூடி, அதற்குள் வெப்பக் கட்டுப்பாடு வையுங்கள், ஏ.சி. காற்று நேராக மேசையில் விழக்கூடாது. தகட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் திறந்தால், இந்த ஊர் ஈரப்பதத்தில் தங்கத்தின் மேல் உடனே பனி படரும். மூடிய டப்பாவோடு அறை வெப்பத்துக்கு வரட்டும்.

படி 5: கேமராவுக்கு எவ்வளவு வெளிச்சம்

ஒரு பிக்சல் 10,000 எலக்ட்ரான் சேகரித்தால் அதன் இயல்பான இரைச்சல் 100 எலக்ட்ரான், அதாவது 1 சதவீதம். சிறிய துகளின் சமிக்ஞை இதற்கும் கீழே இருக்கும். 100 பிரேம்களைச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகி 0.1 சதவீதத்துக்கு வரும். இதனால் அதிக எலக்ட்ரான் கொள்ளும் பிக்சலும் வேகமான பிரேம் வீதமும் கொண்ட கேமராவை எடுங்கள். விளம்பரத்தில் சொல்லும் மெகாபிக்சல் எண்ணிக்கை இங்கே இரண்டாம் பட்சம். வெளிச்சத்தை, பிக்சல் நிரம்பிவிடும் நிறைவெல்லையின் 70, 80 சதவீதத்தில் வையுங்கள். கோப்பைச் சுருக்காமல் சேமியுங்கள். வீடியோ சுருக்கம் முதலில் தின்பது துகளைத்தான்.

பட்டக அமைப்பில் பரப்பைச் சாய்வாகப் பார்க்கிறோம். படம் ஒரு திசையில் நசுங்கியிருக்கும், ஒரு பட்டைதான் குவியத்தில் இருக்கும். அளவுகோல் ஒன்றைப் பதிவு செய்து, இரண்டு திசையிலும் பிக்சலுக்கு எத்தனை மைக்ரோமீட்டர் என்று குறித்து, குவியத்தில் உள்ள பகுதியை மட்டும் எண்ணும் பரப்பாக முன்கூட்டியே வரையறுங்கள்.

படி 6: வெற்று ஓட்டம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் முதல் மாத முடிவுகள் பார்க்க மிக நன்றாக இருந்தன. துகள்கள் வந்து வந்து ஒட்டின, படிகள் தெளிவாக எழுந்தன. ஒரு நாள் மாதிரி தீர்ந்துவிட்டது. குழாயைக் கழுவலாம் என்று வெறும் பஃபரை ஓடவிட்டு, கேமராவை நிறுத்த மறந்துவிட்டேன். மறுநாள் அந்தப் பதிவைப் பார்த்தபோது ஏறக்குறைய அதே எண்ணிக்கை. கோடையில் ஒன்பது நாள் மேசைமேல் நின்ற பஃபர் பாட்டில் அது. நான் ஒரு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தது அந்தப் பாட்டிலில் விளைந்ததைத்தான். அந்த மாதத்து வேலை முழுவதையும் ஒதுக்கிவைத்தேன், மனசு கனத்துவிட்டது.

அன்றிலிருந்து என் வரிசை மாறவில்லை. மாதிரியைத் தொடும் முன், அதே பஃபர், அதே குழாய், அதே தகட்டு வகை, அதே ஓட்ட வேகம், அதே நேரம், துகள் மட்டும் இல்லாமல் மூன்று ஓட்டங்கள். மூன்றிலும் வந்த எண்ணிக்கையின் சராசரியோடு திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால், அதற்குக் கீழே வரும் எதையும் துகள் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. வெற்று எண்ணிக்கை உயர்ந்தால் மாதிரிக்குப் போகாதீர்கள், குப்பியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

படி 7: துகளை ஓடவிடுவது

முதலில் தெரிந்த துகள். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 10, 30, 60 நானோமீட்டர் பெயரளவில் தங்கத் துகள் ஒப்பீட்டுப் பொருள்களை ஆர்எம் 8011, 8012, 8013 என்ற எண்களில் வெளியிட்டது. அது கைக்கு எட்டாவிட்டால் நம்பகமான 100 நானோமீட்டர் தங்கத் துகளையோ பாலிஸ்டைரீன் துகளையோ எடுங்கள்.

குப்பியில் எத்தனை இருக்கிறது என்று நீங்களே கணக்கிடலாம். ஒரு மில்லிலிட்டரில் 0.05 மில்லிகிராம் தங்கம், துகளின் விட்டம் 100 நானோமீட்டர் என்றால், தங்கத்தின் அடர்த்தி 19.3-ஐ வைத்து ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 500 கோடி துகள்கள். விட்டம் 50 என்றால் 4000 கோடி. விட்டத்தில் 5 சதவீதம் பிசகினால் எண்ணிக்கை 15 சதவீதம் பிசகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விட்டத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சரிபார்ப்பது நல்லது. ஐஐடி மெட்ராஸின் உயர்நிலைக் கருவி மையம் போன்ற இடங்களில் வெளி மாணவர்களும் கட்டணம் கட்டி அளந்துகொள்ளலாம்.

நீர்த்த கரைசலை ஓட்டத்துக்குச் சற்று முன்தான் தயாரிக்க வேண்டும். காலையில் நீர்த்து வைத்ததை மாலையில் எண்ணினால், இடைப்பட்ட நேரத்தில் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிப் போனவை கணக்கில் வராது.

எவ்வளவு நீர்ப்பது? இங்கே விரவல் கணக்கு, அதாவது துகள் தண்ணீரில் தானாக அலைந்து பரவும் கணக்கு, உதவும். 25 டிகிரி தண்ணீரில் 100 நானோமீட்டர் துகள் ஒரு நொடியில் ஒரு திசையில் சராசரியாக 3 மைக்ரோமீட்டர் அலையும். ஒரு மணி நேரத்தில் 190 மைக்ரோமீட்டர் அளவுதான். ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள செல்லில் மேலே மிதப்பவை கீழே வந்து சேரவே சேராது. அதனால் செல்லின் உயரம் 100, 200 மைக்ரோமீட்டருக்குள் இருக்கட்டும், திரவம் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். திரவம் அசையாமல், முட்டும் ஒவ்வொரு துகளும் ஒட்டினால், ஒரு மில்லிலிட்டருக்கு 10 லட்சம் துகள் உள்ள கரைசலில் ஒரு சதுர மில்லிமீட்டரில் முதல் நிமிடம் சுமார் 19 துகள் வரும். நான்கு நிமிடத்தில் மொத்தம் 76 வராது, 38 தான் வரும். அருகில் இருந்தவை தீர்ந்து, தூரத்திலிருந்து வர வேண்டியிருக்கும். 10 கோடி துகள் உள்ள கரைசலில் முதல் நிமிடமே 1900. மொட்டைமாடி நனைந்துவிடும். எனவே ஒரு மில்லிலிட்டருக்கு 10 லட்சத்துக்கும் 1 கோடிக்கும் இடையில் தொடங்குவது வசதி.

படி 8: படத்திலிருந்து எண்ணிக்கை

பதிவான பிரேமை அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தங்கத்தின் மேடு பள்ளம் எல்லாம் துகளைவிடப் பெரிதாக நிற்கும். ஆனால் அவை நகர்வதில்லை. அடுத்தடுத்த 20 பிரேம்களின் சராசரியை அதற்கு முந்தைய 20 பிரேம்களின் சராசரியால் வகுத்தால், மாறாதது அத்தனையும் ஒன்றாகிவிடும். அந்த இடைவெளியில் புதிதாக ஒட்டியது மட்டும் மிஞ்சும். இந்தச் சன்னலைப் பிரேம் பிரேமாக நகர்த்திக்கொண்டே போங்கள். அதற்கு முன் ஒவ்வொரு பிரேமையும் அதன் மொத்தச் சராசரி வெளிச்சத்தால் வகுத்துவிடுங்கள், விளக்கின் ஏற்ற இறக்கம் போய்விடும்.

மிஞ்சுவது வட்டப் புள்ளி அல்ல. பிளாஸ்மான் அலை ஒரு திசையில் ஓடிக்கொண்டிருப்பதால், வால் நீண்ட, பரவளைய வரிகள் சூழ்ந்த வடிவம் வரும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரியைக் கடக்கும் நினைவு வரும். அங்கே மாணவராக இருந்த சி. வி. ராமன், 1906-இல், செவ்வகத் துளையால் உண்டாகும் சமச்சீரற்ற விளிம்பு விளைவு வரிகளைப் பற்றித் தன் முதல் கட்டுரையைப் பிலசாபிக்கல் மேகசினில் வெளியிட்டார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும் வரிகளைப் பிழை என்று ஒதுக்காமல் உற்றுப் பார்த்தவர் நம் ஊர்க் கல்லூரி மாணவர். நம் படத்திலும் அந்தச் சமச்சீரின்மைதான் துகளின் கையெழுத்து. லென்ஸில் படிந்த தூசியும் கேமரா இரைச்சலும் அந்த வடிவத்தைப் போலி செய்யாது; தங்கத்திலேயே வந்து ஒட்டும் குப்பையைப் பிடிக்கத்தான் வெற்று ஓட்டம்.

எனவே தரத்துகள் தந்த தெளிவான வடிவங்கள் ஐம்பது, நூறை எடுத்துச் சராசரி வார்ப்பு ஒன்று செய்யுங்கள். அந்த வார்ப்பை ஒவ்வொரு படத்தின் மேலும் நகர்த்தி, எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். பொருந்திய இடத்தின் நேரக்கோட்டையும் கட்டாயம் பாருங்கள். வகுக்காத பிரேம்களில் உண்மையான ஒட்டல் ஒரே படியாக ஏறி அங்கேயே நிற்கும். வகுத்த படத்தில் அதே நிகழ்வு முக்கோணமாக ஏறி இறங்கும். வந்து தொட்டுவிட்டு ஒரு பிரேமில் போய்விடுவது ஒட்டல் இல்லை. படி கீழே இறங்கினால் ஏற்கெனவே ஒட்டியது பிரிந்து போகிறது. அதைத் தனிக் கணக்கில் எழுதுங்கள். பெரிதாகி வட்டமாகப் பரவுவது குமிழ். படம் முழுக்க ஒரே நேரத்தில் நூறு துகள் முளைத்தால் அது அதிர்வு, அந்தப் பிரேம்களை நீக்குங்கள்.

பொருத்தம் எவ்வளவு இருந்தால் துகள்? இந்த எல்லையை வெற்று ஓட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள், மாதிரியைப் பார்க்கும் முன்பே எழுதி வையுங்கள். மாதிரியைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்தினால், நாம் விரும்பிய விடையை நோக்கி நம் கையே நகர்த்தும். ஒரு பதிவையாவது இரண்டு பேர், எது மாதிரி எது வெற்று என்று தெரியாமல், கண்ணால் எண்ணி, கணினி நிரலின் எண்ணோடு ஒப்பிடட்டும்.

படி 9: எண்ணிக்கையிலிருந்து செறிவுக்கு

தனித்தனியாக, தற்செயலாக வரும் நிகழ்வுகளை எண்ணினால், எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அதன் பிழை. 100 எண்ணினால் 10, அதாவது 10 சதவீதம். 3 சதவீதத் துல்லியம் வேண்டுமானால் ஆயிரத்துக்கு மேல் எண்ண வேண்டும். மாதிரியில் 140, வெற்றில் 20 என்றால் நிகரம் 120. பிழை, இரண்டையும் கூட்டிய 160-இன் வர்க்கமூலம், சுமார் 13. பூஜ்யம் வந்தால்? துகளே இல்லை என்று எழுதக்கூடாது. 95 சதவீத நம்பிக்கையில், அந்த ஓட்டத்தில் சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது 3-க்கு மேல் இல்லை என்றுதான் எழுதலாம்.

செறிவுக்கு வர, தரத்துகளை நான்கைந்து நீர்ப்புகளில் ஓடவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை ஒட்டுகிறது என்று கோடு போடுங்கள். கோட்டின் சரிவு உங்கள் கருவியின் பிடிக்கும் திறன்: ஓட்டம், செல்லின் உயரம், பரப்பின் மின்னூட்டம், நிரலின் எல்லை எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். மேல் முனையில் கோடு வளைந்தால் வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழத் தொடங்கிவிட்டன, அல்லது பரப்பு நிரம்புகிறது. ஒரு சன்னலில் வரும் வடிவங்கள் பரப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் விடும் ஒரு திருத்தம் உண்டு. சிறிய துகள் வேகமாக அலையும், அதனால் பரப்புக்கு அதிகமாக வரும். குறுகலான செல்லில் சீராக ஓடும் திரவத்தில் வந்து சேரும் வீதம், விரவல் கெழுவின் மூன்றில் இரண்டு அடுக்கைப் பொறுத்தது. ஒரே செறிவில் 50 நானோமீட்டர் துகள்கள் 100 நானோமீட்டர் துகள்களைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு வந்து விழும். 100-இல் போட்ட கோட்டை வைத்து 50-ஐக் கணக்கிட்டால் அந்த அளவு கூடுதலாகவே விடை வரும். மின்னூட்டமும் பூச்சும் வேறாக இருந்தால் ஒட்டும் திறனும் வேறு. உங்கள் மாதிரிக்கு மிக நெருங்கிய தரத்துகளைத் தேட வேண்டியது இதற்காகத்தான்.

அளவைச் சொல்ல முடியுமா

பொருள் தெரிந்தால் முடியும். சமிக்ஞை கனஅளவோடு சேர்த்து, துகளுக்கும் தண்ணீருக்கும் உள்ள ஒளிவிலகல் எண் வேறுபாட்டையும் பொறுத்தது. தண்ணீர் 1.33, சிலிக்கா 1.45 பக்கம், பாலிஸ்டைரீன் 1.59. ஒரே விட்டமுள்ள சிலிக்கா பாலிஸ்டைரீனைவிட மிக மங்கலாகத் தெரியும், தங்கம் பளிச்சென்று தெரியும். மங்கலான புள்ளி ஒன்று சிறிய பாலிஸ்டைரீனா, பெரிய சிலிக்காவா என்று பிரகாசம் மட்டும் சொல்லாது. என்ன இருக்கிறது என்று தெரியாத கலவையில், உதாரணமாகக் கூவம் ஆற்று நீரில், நான் அளவு எழுத மாட்டேன். பாலிஸ்டைரீனுக்குச் சமமான விட்டம் என்று மட்டும் எழுதுவேன்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

தேதி, தகட்டு எண், பஃபர் தயாரித்த நேரம், ஃபில்டர், செல் வெப்பநிலை, கோணம், ஓட்ட வேகம், பிரேம் வீதம், நீக்கிய பிரேம்கள், நிரலின் எல்லை, மூன்று வெற்று ஓட்டங்களின் எண்ணிக்கை. இத்தனையும் எழுதிய பிறகே மாதிரியின் எண்ணை எழுதுங்கள். எழுதும்போது ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை என்பதோடு, ஒட்டியவற்றை வைத்து எந்தத் தரத்துகளின் கோட்டால் கணக்கிட்டீர்கள் என்பதும் அதே வரியில் இருக்கட்டும். மறுநாள் காலை புதிய பஃபர், புதிய வெற்று ஓட்டம்.